சித்திரைப் பறுவக் கஞ்சி: கொழும்பில் இருநூறு பேருக்குக் காய்ச்சி வார்ப்பது எப்படி

சித்திரை மாதப் பௌர்ணமியான சித்திரைப் பறுவத்தில் ஈழத்துச் சைவர்களுக்கு இரண்டு கடன்கள் உண்டு. தாயை இழந்தவர்கள் அவளை நினைத்து நோற்கும் விரதம் ஒன்று. தந்தைக்கு ஆடி அமாவாசை எப்படியோ தாய்க்குச் சித்திரைப் பறுவம் அப்படி. இயமனின் கணக்கப்பிள்ளையான சித்திரபுத்திரனாருக்குரிய நோன்பு மற்றது. அன்று கோயிலில் அவர் கதையைப் படிப்பார்கள், பிறகு எல்லோருக்கும் கஞ்சி வார்ப்பார்கள்.

ஊரில் இதற்கு வழிகாட்டி தேவைப்படாது. எந்த வளவுக்காரர் அரிசி தருவார், யார் தேங்காய் துருவுவார், கிடாரம் (பெரிய சமையல் பாத்திரம்) எந்த வீட்டில் கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்த விஷயம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருந்துகொண்டு முதன்முறை பொறுப்பெடுப்பவருக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. நான்கு பேருக்குக் கஞ்சி வைத்த கையோடு இருநூறு பேருக்கு இறங்கினால் அடிப்பிடிக்கும், திரைந்துபோகும், நூற்றி இருபதாவது ஆளோடு முடிந்துவிடும். வரிசையில் கடைசியாக நிற்பவருக்கும் முதல் ஆளுக்குக் கிடைத்த அதே சூட்டோடு, அதே அளவில் கஞ்சி கிடைக்கவேண்டும். கீழே உள்ள அளவும் நேரமும் அதை வைத்துப் போட்டவை.

நாளை உறுதிசெய்தல்

இலங்கையில் எல்லாப் பூரணையும் அரசாங்க விடுமுறை என்பதால் நாள்காட்டியில் சிவப்பைப் பார்த்தால் போதும் என்று பலர் நினைப்பார்கள். போதாது. சித்திரை மாதம் ஏப்ரல் நடுவில் தொடங்கி மே நடுவில் முடிவதால், இந்தப் பறுவம் ஓர் ஆண்டு பக் போயாவிலும் (பௌத்தர்களின் ஏப்ரல் பூரணை) இன்னோர் ஆண்டு வெசாக்கிலும் (அவர்களின் மே பூரணை) வந்து விழும். 2024 இல் ஏப்ரல் 23, பக் போயா. 2025 இல் மே 12, வெசாக். இரண்டுக்கும் ஆயத்தம் வேறு வேறு. அது கீழே வரும்.

இன்னொரு சிக்கல் பஞ்சாங்கம். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் திதி தொடங்கும் நேரத்தில் சில மணித்தியாலங்கள் வேறுபடும். திதி முதல் நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் பகலில் முடிகிற ஆண்டுகளில் கோயிலுக்குக் கோயில் நாள் மாறலாம். நீங்கள் கஞ்சி வார்க்கப்போகும் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைக் கைக்கொள்கிறதோ அதன்படி நடவுங்கள். வீட்டுக் கலண்டரைப் பார்த்துத் தேங்காய்க்குச் சொல்லிவிட்டுப் பிறகு குருக்களிடம் போவது தலைகீழ் வேலை.

மூன்று கிழமைக்கு முன்

முதலில் இடம். கோயில் மடைப்பள்ளி கிடைத்தால் பாதிப் பாரம் குறையும். தண்ணீர், வடிகால், பெரிய அடுப்பு எல்லாம் அங்கேயே இருக்கும். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர், பம்பலப்பிட்டிக் கதிரேசன், வெள்ளவத்தை மயூரபதி அம்மன் போன்ற பெரிய கோயில்களில் விசேட நாட்களுக்கு உபயகாரர் (அன்றைய செலவை ஏற்பவர்கள்) முன்கூட்டியே பதிந்திருப்பார்கள். அங்கே தனியாக ஒரு கஞ்சி வார்ப்புத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே நடப்பதில் அரிசியையோ தேங்காயையோ பொறுப்பெடுப்பது கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. தனியாகச் செய்ய விரும்பினால் ஒழுங்கைக்குள் இருக்கும் சின்னக் கோயிலைத் தேடுங்கள். பரிபாலன சபையிடம் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மதியப் பூசை எத்தனை மணிக்கு, மடைப்பள்ளிக்குள் யார் போகலாம், கழிவுத்தண்ணீர் எங்கே போகும்.

அடுத்தது சுகாதாரம். வெசாக்கில் தன்சல் (வருவோர்க்கு இலவசமாக உணவு கொடுக்கும் பந்தல்) நடத்துபவர்கள் தங்கள் பகுதிச் சுகாதார அதிகாரி பணிமனையில் பதிந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையைப் பெறவேண்டும். கோயிலுக்குள் வார்க்கிற கஞ்சிதானே என்று விட்டுவிடாமல் நீங்களும் போய்ச் சொல்லிவிடுங்கள். வெள்ளவத்தைவரை கொழும்பு மாநகர சபை. பாலம் தாண்டினால் தெகிவளை–கல்கிசை மாநகர சபை. தவறான பணிமனைக்குப் போய் ஒரு நாளைத் தொலைப்பவர்கள் உண்டு. சமைப்பவர்களுக்கு இருமல், வயிற்றோட்டம், கையில் ஆறாத புண் இருக்கக்கூடாது, தலைமுடியை மூடவேண்டும், குடிநீரில் சமைக்கவேண்டும் என்பவை பரிசோதகர் பார்க்கும் அடிப்படை விடயங்கள். வாசலுக்கு வெளியே நடைபாதையில் மேசை போடுவதானால் பொலிசுக்கும் சொல்லவேண்டும்.

மூன்றாவது ஆட்கள். இருநூறு பேருக்குப் பத்துப் பேர் வேண்டும்: காய்ச்ச இருவர், மரக்கறி வெட்ட மூவர், தேங்காய்ப்பால் பிழிய இருவர், வார்க்க இருவர், வரிசையையும் கழுவலையும் பார்க்க ஒருவர். வெட்டினவர்கள் பிறகு கழுவலுக்கு வருவார்கள். பக் போயாவில் பறுவம் வரும் ஆண்டில் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கும் மலையகத்துக்கும் போனவர்கள் திரும்பியிருக்கமாட்டார்கள். வருகிறேன் என்றவர்களில் மூன்றில் ஒருவரைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். வெசாக்கில் வந்தால் ஆள் இருக்கும், ஆனால் காலி வீதியில் (Galle Road) வாகனம் நகராது. எல்லாச் சாமானும் முதல் நாளே கோயிலுக்கு வந்துவிட வேண்டும்.

எத்தனை பேர்

கோயிலின் சாதாரண வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை இரண்டு கிழமை எண்ணிப்பாருங்கள். பறுவத்தன்று அதைப்போல ஒன்றரை மடங்கு வரும். வெசாக்கோடு சேர்ந்தால் தன்சல் பார்க்க நடக்கும் சிங்களக் குடும்பங்களும் வரிசையில் நிற்கும், அவர்களுக்கும் சேர்த்தே காய்ச்சுங்கள். ஒருவருக்கு 250 மில்லிலீற்றர். இருநூறு பேருக்கு 50 லீற்றர். அதற்குமேல் ஐந்து லீற்றர் கொதிநீர் தனியாக நிற்கவேண்டும். அது கஞ்சியைப் பெருக்க என்று நினைக்கவேண்டாம். நேரம் போகத் தடிக்கும் கஞ்சியை இளக்குவதற்குத்தான் அது.

சாமான்

ஐம்பது லீற்றருக்கு:

பச்சையரிசி 4 கிலோ
வறுத்துக் கோது நீக்கிய பயறு 1 கிலோ
தேங்காய் 20
பூசணிக்காய் 2 கிலோ, வாழைக்காய் ஒன்றரைக் கிலோ, பயற்றங்காய் 1 கிலோ, பலாக்கொட்டை 1 கிலோ
ஆய்ந்த முருங்கையிலை அரைக் கிலோ
பச்சைமிளகாய் 250 கிராம், இஞ்சி 150 கிராம்
சீரகம் 100 கிராம், மிளகு 50 கிராம், மஞ்சள் 25 கிராம்
உப்பு 350 கிராம்

வீட்டுக்கு வீடு கை மாறும். சிலர் கத்தரிக்காய் போடுவார்கள், கஞ்சி கறுக்கும். மாங்காய் போட்டால் அதன் புளிப்பில் முதற்பால் திரையும் ஆபத்து உண்டு, ஆசைப்பட்டால் தனியாக ஒரு சம்பல் அரையுங்கள். உள்ளியும் வெங்காயமும் விரதக் கஞ்சிக்கு வேண்டாம். காத்தோட்டிக்காயைத் தேடி அலையவும் வேண்டாம், அது ஆடி அமாவாசைக்கு உரியது.

அரிசி வெள்ளைப் பச்சையரிசியானால் அரை மணித்தியாலத்தில் வெந்து கரையும். சிவப்புப் பச்சையரிசிக்கு முக்கால் மணித்தியாலமாவது வேண்டும், சுவை அதில்தான். நான்கு கிலோவில் ஒரு கிலோவை உடைத்துக் குறுணலாகச் சேர்த்தால் கஞ்சிக்கு உடல் வரும், முழு அரிசியும் அடியில் போய்க் குந்தாது. புழுங்கலரிசியில் காய்ச்சினால் தண்ணீர் வேறு, பருக்கை வேறாகவே நிற்கும்.

பயறு பச்சையாகப் போட்டால் மணம் வராது. மணல் நிறம் வரும்வரை வறுத்து, உடைத்து, கோது புடைத்து எடுக்கவேண்டும். கடையில் வறுத்த பயற்றம்பருப்பு வாங்குவதானால் ஒரு பிடியை வாயில் போட்டுப் பாருங்கள். பழைய எண்ணெய்க் காறல் இருந்தால் வேண்டாம்.

அரிசி, பயறு, சரக்கு எல்லாம் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக எடுக்கலாம். போயாவன்று அங்கே கதவு திறக்காது, முதல் நாள் மாலை கூட்டம் தாங்காது. மூன்று நாளைக்கு முன் போங்கள். மரக்கறி மொத்தச் சந்தை இப்போது பேலியகொடையில் இருக்கிறது. ஆறு கிலோவுக்கு அவ்வளவு தூரம் போவதில் இலாபம் இல்லை, வெள்ளவத்தைச் சந்தையே போதும். பலாக்கொட்டை அந்த மாதங்களில் தாராளமாகக் கிடைக்கும்.

தேங்காய்தான் செலவில் பெரிய பங்கு. இருபது தேங்காயைக் கையால் துருவ இருவருக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். இயந்திரத்தில் துருவித் தரும் கடைகள் உண்டு, ஆனால் முதல் நாள் துருவி வைத்தால் ஏப்ரல் வெக்கையில் காலைக்குள் புளித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் ஆறு கிலோ தேங்காய்ப்பூவுக்கு இடம் இருந்தால் மட்டும் முதல் நாள் இரவு துருவுங்கள். தேங்காய்ப்பால் மா பாவிப்பவர்கள் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்கவேண்டும். பலவற்றில் சோடியம் கேசினேற்று இருக்கும், அது பசுப்பாலில் இருந்து எடுப்பது. சித்திரபுத்திரனார் நோன்பில் பசுப்பாலும் தயிரும் நெய்யும் விலக்கு என்று கைக்கொள்பவர்களுக்கு அந்தக் கஞ்சி ஆகாது.

பாத்திரமும் அடுப்பும்

ஐம்பது லீற்றரை ஒரே கிடாரத்தில் காய்ச்சாதீர்கள். 35 லீற்றர் கொள்ளும் இரண்டு பாத்திரம் எடுத்து ஒவ்வொன்றிலும் 25 லீற்றர் காய்ச்சுங்கள். இரண்டாம் பால் கொதிக்கும்போது நுரைத்து ஏறும், மேலே ஒரு சாண் வெறுமையாக இருந்தால்தான் அடுப்பு நனையாது. ஒன்று அடிப்பிடித்தாலும் மற்றது மிஞ்சும் என்பது இன்னொரு வசதி. அடி தடித்த பாத்திரமாகப் பாருங்கள். வாடகைக் கடையில் தரும் மெல்லிய அலுமினியச் சட்டி அரிசிக்கஞ்சிக்கு எதிரி.

தொடர்மாடிச் சமையலறை அடுப்பில் 25 லீற்றர் ஏறாது. வாடகைக்கு எடுக்கும் பெரிய வளைய அடுப்பு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சிலிண்டர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு கிலோ வாயுதான் போகும், 12.5 கிலோ சிலிண்டரில் கால்வாசி இருந்தாலும் கணக்குப்படி போதும். ஆனாலும் முடியப்போகும் சிலிண்டரை இந்த அடுப்புக்குப் பூட்டாதீர்கள். வேகமாக இழுக்கும்போது உள்ளே குளிர்ந்து, அழுத்தம் விழுந்து, சுவாலை அரைவாசியாகும். சிலிண்டரின் வெளியே வியர்த்திருந்தால் அதுதான் காரணம். அடுப்பு கூரைக்கு வெளியேயோ நல்ல காற்றோட்டத்திலோ இருக்கட்டும். இந்த மாதங்களில் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை வருவது வழக்கம், தகரமோ கூடாரமோ இல்லாமல் திறந்த வெளியை நம்பவேண்டாம்.

நீண்ட கைப்பிடியுள்ள தட்டையான மரத்துடுப்பு இரண்டு வேண்டும். வளைந்த அகப்பை அடியைத் தொடாது.

முதல் நாள் இரவு

பலாக்கொட்டையை வெள்ளைத் தோல் உரித்து, நான்காக வெட்டி அவித்து வையுங்கள். பச்சையாகக் கஞ்சியில் போட்டால் மற்றவை கரைந்த பிறகும் அது கல்லாக நிற்கும். பயற்றை வறுத்து உடைத்து வையுங்கள். பூசணியை வெட்டலாம். வாழைக்காயை வெட்டாதீர்கள், கறுத்துவிடும். முருங்கையிலையை ஆய்ந்து ஈரத்துணியில் சுற்றுங்கள். ஈர்க்கு ஒன்று தொண்டையில் தைத்தால் ஆண்டு முழுதும் பேச்சு வரும். ஆய்வதற்குப் பொறுமையுள்ள ஆளை விடுங்கள்.

உப்பை நிறுத்து இரண்டு பொட்டலமாகக் கட்டுங்கள்: ஒன்று 300 கிராம், ஒன்று 50 கிராம். ஏன் என்பது அடுப்பு மூட்டும்போது தெரியும்.

விரதமும் தாய்க்குரிய கடனும்

விரதம் காப்பவர் விடிய முழுகி, பகல்வரை தண்ணீரோ இளநீரோ மட்டும் எடுத்து, கஞ்சி வார்த்த பிறகு ஒருபொழுது உண்பது இங்குள்ள வழக்கம். உப்பையும் சேர்த்து விலக்குகிறவர்களுக்குக் கஞ்சியில் உப்பிடுமுன் ஒரு குவளை எடுத்துவைக்கவேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு மருந்தைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்கக்கூடாது. வைத்தியரைக் கேட்டு வேளையை மாற்றுங்கள், அல்லது அன்று பால்பழம் எடுங்கள். தாய் இறந்து ஆட்டத்திவசம் (ஓராண்டுத் திவசம்) முடியாதவர்களும் துடக்கு (தீட்டு) உள்ளவர்களும் தொடங்குமுன் குருக்களிடம் கேட்கவேண்டும்.

தர்ப்பணம் செய்பவர்கள் தாயின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு வந்து ஐயருக்கு முன் விழிப்பது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. தாய், தந்தையின் தாய், தந்தையின் தந்தைக்குத் தாய் என்று மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும். வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கோத்திரம் தெரியாத சைவர் சிவகோத்திரம் என்று சொல்லலாம். எள், தர்ப்பை, பச்சையரிசி, வாழைக்காய், பூசணிக்கீற்று, பயறு, உப்பு, வெற்றிலைபாக்கு, தட்சணை ஆகியவை ஐயருக்குக் கொடுக்கும் தானத் தட்டில் இருக்கும். தாய் விரும்பிச் சாப்பிட்ட மரக்கறி ஒன்றையும் சேர்ப்பார்கள். தர்ப்பணம் செய்யாதவர்கள் கோயிலில் மோட்ச அர்ச்சனை செய்விக்கலாம், அதற்குப் பெயரும் நட்சத்திரமும் போதும்.

காய்ச்சுகிறவரும் தர்ப்பணம் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் எட்டரைக்குள் தர்ப்பணத்தை முடித்துக்கொள்ளுங்கள். அடுப்பு பிறருக்காகக் காத்திருக்காது.

அடுப்பு

மதியப் பூசை பன்னிரண்டு மணி, வார்ப்பு பன்னிரண்டரை என்று வைத்துக்கொள்வோம். பதினொன்றரைக்குக் கஞ்சி இறங்கவேண்டும், ஆகவே ஒன்பதரைக்கு அடுப்பு மூளவேண்டும். இன்னும் முந்தினால் நல்லதுதானே என்று எட்டு மணிக்கே தொடங்குபவர்கள் பன்னிரண்டரைக்குக் களியைத்தான் வார்ப்பார்கள்.

ஏழரைக்குத் தேங்காய்ப்பூவில் மூன்று லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்து முதற்பால் ஐந்து லீற்றர் எடுங்கள். அதை மூடித் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக் குளிர்மையாக வையுங்கள். அதே பூவில் இரண்டாம் பால் ஐந்து, மூன்றாம் பால் ஐந்து. இந்தப் பத்து லீற்றரோடு 28 லீற்றர் தண்ணீர் சேர்ந்து 38. அதுதான் கஞ்சி வேகும் நீர். அரிசியை எட்டரைக்கு ஊறப்போடுங்கள்.

பாத்திரத்துக்கு 14 லீற்றர் தண்ணீரை ஊற்றி ஒன்பதரைக்கு மூட்டினால் பத்துக்குள் கொதிக்கும். முதலில் பயறு, மஞ்சள். கால் மணித்தியாலம் கழித்து அரிசியும் குறுணலும். அரிசி விழுந்த நேரத்திலிருந்து துடுப்பு நிற்கக்கூடாது. அடியின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, ஓரத்தை வழித்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சுற்றிச் சுற்றிக் கிண்டினால் நடு அடி தொடப்படாமலே இருக்கும். தீ பலமாக இருப்பதும் அங்கேதான். அரிசி கொதித்து ஏறியதும் தீயைக் குறைத்து, பாத்திரத்துக்கு ஐந்து லீற்றர் இரண்டாம், மூன்றாம் பாலைச் சேருங்கள்.

அரிசி விரலால் நசியும் பதத்தில் வாழைக்காய், அவித்த பலாக்கொட்டை. ஐந்து நிமிடம் கழித்துப் பூசணியும் பயற்றங்காயும். பூசணியை முன்னரே போட்டால் கரைந்து கஞ்சி மஞ்சள் குழம்பாகும். நசித்த மிளகாயும் இஞ்சியும், இடித்த சீரகமும் மிளகும் இதோடு. உப்பில் 300 கிராம் பொட்டலத்தைப் பாதிப் பாதியாக இரண்டு பாத்திரத்திலும் போடுங்கள்.

படைக்குமுன் ருசி பார்க்கக்கூடாது. முதன்முறை காய்ச்சுபவர்கள் பலர் அடிபடுவது இந்த இடத்தில்தான். கண் அளவில் அள்ளிப் போட்டால் நைவேத்தியம் முடியும்வரை உப்புக் கஞ்சியா சப்பைக் கஞ்சியா என்று தெரியாது. நிறுத்துப் போட்டால் 300 கிராம் யாருக்கும் கூடாது, சிலருக்குக் குறையலாம். படைத்த பிறகு ஒரு கரண்டி ருசித்துவிட்டு மற்ற 50 கிராமைக் கொதிநீரில் கரைத்து விடுங்கள். கல்லுப்பை நேரே போட்டால் கரையமுன் அடியில் தங்கிவிடும்.

முருங்கையிலை கடைசிக்கு முன். இலை போட்டதும் மூடாதீர்கள், நிறம் கறுக்கும். மூன்று நிமிடத்தில் முதற்பாலை மெல்லிய தாரையாக விட்டுக் கிண்டி, ஓரத்தில் கொதி தெரியத் தொடங்கும்போதே தீயை நிறுத்துங்கள். முதற்பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், அதைத் திரும்பச் சேர்க்க வழி இல்லை.

பதம்: அகப்பையைச் சரித்தால் அறுபடாமல் வழியவேண்டும், தொப்பென்று விழக்கூடாது. இறக்கும்போது நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு படி தண்ணியாக இருக்கட்டும். அரை மணித்தியாலத்தில் தானே தடிக்கும்.

அடிப்பிடித்த மணம் வந்தால் கிண்டாதீர்கள், அடியைச் சுரண்டாதீர்கள். உடனே தீயை நிறுத்தி, மேலே உள்ளதை அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு மொண்டு மாற்றுங்கள். முக்கால்வாசி தப்பும். சுரண்டிக் கலந்துவிட்ட கஞ்சியின் மணத்தை ஏலக்காயும் போக்காது, இஞ்சியும் போக்காது.

கதை படிப்பு

பதினொரு மணிக்குத் தொடங்கினால் பூசைக்கு முன் முடியும். முழுவதும் படிக்க நேரமில்லாத இடத்தில் படிக்கும் பகுதியை முதலே குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் படிக்க ஒருவர் பயன் (பொருள்) சொல்வது ஊர் முறை. கொழும்பில் தமிழ் வாசிப்பு மட்டுமட்டாக உள்ள பிள்ளைகள் பயன் சொல்லும் பகுதியைத்தான் கேட்பார்கள், அதற்கு நல்ல குரலை விடுங்கள். படத்துக்கு முன்னால் ஏடும் எழுத்தாணியும் வைக்கும் இடத்தில் இப்போது கொப்பியும் பேனையும் வைக்கிறார்கள். புதுக் கொப்பியாக வையுங்கள், பின்னேரம் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

வார்ப்பு

ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டிக்கு 2023 ஒக்டோபரிலிருந்து தடை. சோறு சுற்றும் லஞ்ச் ஷீற்றும் நுரைப் பிளாஸ்டிக்கான றெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடையாகிவிட்டன. கஞ்சி குடிக்கும் பனையோலைப் பிளா கொழும்பில் எளிதில் கிடைக்காது. கடுதாசிக் கோப்பையானால் இரட்டைச் சுவருள்ளதாக எடுங்கள், ஒற்றைச் சுவர்க் கோப்பையில் சுடுகஞ்சியைப் பிடிக்க முடியாது. எல்லாவற்றிலும் நல்லது எவர்சில்வர் குவளை. எண்பது குவளையும் மூன்று வாளியும் இருந்தால் (சவர்க்காரம், அலசல், கொதிநீர்) இருநூறு பேரைச் சமாளிக்கலாம். பலா இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்கால் குத்தினால் மரக்கறி அள்ளிச் சாப்பிடக் கரண்டி ஆகிவிடும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சண்டை பிடித்துக்கொண்டு செய்வார்கள்.

வார்க்கும் அகப்பையை முதலில் தண்ணீரால் அளந்து பாருங்கள். 250 மில்லிலீற்றருக்குப் பதில் 300 பிடித்தால் முப்பது பேருக்குமேல் வெறுங்கையோடு திரும்புவார்கள். இரண்டு பாத்திரத்துக்கு இரண்டு வரிசை. ஒருவர் நிமிடத்துக்கு ஐந்து பேருக்கு வார்த்தால் இருபது நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு பத்தாவது குவளைக்கும் அடியிலிருந்து ஒருமுறை கிளறிவிடுங்கள், இல்லாவிட்டால் முதலில் வந்தவருக்குப் பாலும் கடைசியில் வந்தவருக்குப் பருக்கையும் போகும். வயதானவர்களை வரிசையில் நிற்கவிடாமல் கதிரையில் இருத்திக் கொண்டுபோய்க் கொடுங்கள். தூக்குப்பாத்திரத்தோடு வந்து வீட்டுக்குக் கேட்பவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், எல்லோரும் ஒரு குவளை குடித்த பிறகு தருவதாகச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் பரிபாலன சபைத் தலைவர் வீட்டுப் பாத்திரத்துக்கும் பொருந்தவேண்டும்.

அன்று விடுமுறையில்லாமல் வேலை செய்பவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள்: தெருக்கூட்டும் மாநகர சபைத் தொழிலாளர், தொடர்மாடிக் காவலாளிகள், முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் நிற்பவர்கள். இருபது குவளையை ஒதுக்கி, மூடிய வாளியில் கொண்டுபோய் அவர்கள் நிற்கும் இடத்திலேயே வாருங்கள்.

கஞ்சி 60 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும்வரை கிருமி பெருகாது. மூடி போட்டு, மிகச் சிறிய தீயில், அடியில் ஓர் இரும்புத் தட்டு வைத்துச் சூட்டைக் காக்கலாம். ஆறிய அரிசிக்கஞ்சியும் தேங்காய்ப்பாலும் இந்த ஊர் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்குமேல் நம்பத் தகுந்தவை அல்ல. அரிசியில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆகவே இரண்டரை மணிக்குப் பின் மிஞ்சியது யாருக்கும் கொடுக்கத் தக்கதல்ல. இரவுக்கு யாராவது ஏழைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள், அவர்களுக்கும் வயிறு ஒன்றுதான்.

கஞ்சிக்கு அப்பால்

காசு மிஞ்சினாலோ, கோயிலில் இடம் கிடைக்காவிட்டாலோ முதியோர் இல்லங்களை நினைப்போம். போயா நாட்களில் அங்கே தானம் கொடுக்கப் பௌத்தக் குடும்பங்கள் மாதக்கணக்காக முன்பே பதிந்திருக்கும். அன்று நீங்களும் சோறு கொண்டுபோனால் ஒரு நேரத்துக்கு மூன்று சாப்பாடும் அடுத்த செவ்வாய்க்கு ஒன்றுமில்லாமலும் ஆகும். பறுவத்தின் பெயரில் ஒரு சாதாரண நாளைக் கேட்டுப் பதியுங்கள். உப்புக் குறைவாகவும் மென்மையாகவும் சமைக்கவேண்டுமா, எத்தனை பேருக்கு நீரிழிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோறு வேண்டாம், முதியவர்களுக்கான அணையாடையும் சவர்க்காரமும்தான் தட்டுப்பாடு என்று சொன்னால் அதையே கொடுங்கள். தாயின் பெயரில் கொடுப்பதற்கு அது குறைந்த தானம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி நோயாளிக்கு வீட்டுச் சமையல் கொண்டுபோகுமுன் விடுதித் தாதியைக் கேட்கவேண்டும்.

உலர் உணவுப் பொதி கொடுப்பவர்கள் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். வாங்குகிறவர் அடுத்த நாள் அதே ஒழுங்கையில் நடக்கவேண்டியவர்.

பின்னேரம்

பாத்திரத்தின் அடியில் ஒட்டினதைச் சுரண்டாமல் இரண்டு கைப்பிடி உப்பும் கொதிநீரும் ஊற்றி மூடிவையுங்கள், ஒரு மணித்தியாலத்தில் கழன்று வரும். தேங்காய்ச் சக்கையையும் மரக்கறித் தோலையும் வடிகாலில் தள்ளாதீர்கள், அடுத்த ஆண்டு மடைப்பள்ளி கிடைக்காது.

நிலவு பார்க்க வெள்ளவத்தைக் கடற்கரைக்கு ஓடுபவர்களுக்கு ஒரு தகவல்: பூரண நிலவு சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும். கடல் மேற்கே. ஆறரைக்குக் கடலைப் பார்த்து நின்றால் அந்திச் செம்மைதான் தெரியும், நிலவு உங்கள் முதுகுக்குப் பின்னால் காலி வீதிக் கட்டடங்களுக்குள் மறைந்திருக்கும். தொடர்மாடியின் மொட்டை மாடியில் கிழக்கைப் பார்த்து நின்றால் முன்கூட்டியே காணலாம். பறுவம் ஏப்ரலில் வரும் ஆண்டுகளில் நிலவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் மின்னும். மாதத்துக்குப் பெயர் கொடுத்த சித்திரை அதுதான்.

படத்தடியில் வைத்த கொப்பியை இப்போது எடுங்கள். வந்த காசு, போன காசு, யார் தந்தது. எத்தனை குவளை வார்த்தது, எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தனை பேர் கிடைக்காமல் போனார்கள், எத்தனை லீற்றர் கொட்டப்பட்டது. தேங்காய் எந்தக் கடையில், என்ன விலைக்கு, எத்தனை அழுகல். உப்பில் இரண்டாவது பொட்டலம் தேவைப்பட்டதா. வருகிறேன் என்று வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். கொப்பியைப் பரிபாலன சபையிடம் கொடுத்து, அடுத்த சித்திரைக்கு முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.